தோல் லீஷ்மேனியாசிஸுக்கு ஒரு மாத்திரை: ஏன் இத்தனை ஆண்டுகள்?

மணல் ஈ கடித்து வரும் தோல் லீஷ்மேனியாசிஸ் நோய்க்கு, வாய்வழியாகக் கொடுக்கும் புதிய மருந்து ஒன்று எலிகளிடம் நன்றாக வேலை செய்தது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படிப்பவர்கள், இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அது கைக்கு வந்துவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வருவதில்லை. சில ஆண்டுகளில் அந்த மருந்தின் பெயரே காணாமல் போய் வேறொரு பெயர் செய்தியில் வருகிறது. இடையில் என்ன நடந்தது என்று யாரும் விளக்குவதில்லை.

ஒட்டுண்ணியைக் கொல்லும் ரசாயனத்தைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் சிறிய பகுதி. அந்த ரசாயனம் வயிற்றிலிருந்து கிளம்பி, தோலில் உள்ள ஒருவகை செல்லுக்குள், அந்தச் செல்லின் ஒரு குறிப்பிட்ட அறைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்புறம், தானாகவே ஆறிவிடக்கூடிய ஒரு புண்ணை மருந்துதான் ஆற்றியது என்று நிரூபிக்க வேண்டும். வருடங்கள் போவது இந்த இரண்டிலும்தான்.

## நோய் எது, எப்படி வருகிறது

லீஷ்மேனியா என்பது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மனிதர்களுக்கு நோய் தரும் இனங்கள் மட்டும் இருபதுக்கு மேல். பெண் மணல் ஈ இதைப் பரப்புகிறது. இந்தப் பூச்சியின் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். பறக்கும்போது சத்தம் கிடையாது, சாதாரணக் கொசுவலையின் துளைகள் வழியாகவும் நுழைந்துவிடும்.

நோய் மூன்று வடிவங்களில் வருகிறது. முதலாவது தோல் வடிவம்: கடித்த இடத்தில் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒரு சிறு கட்டி எழும்பி, பிறகு நடுவில் குழிந்து, ஓரம் தடித்த புண்ணாகும். பெரும்பாலும் முகம், கை, கால் போன்ற திறந்த இடங்களில். இரண்டாவது சளிச்சவ்வு வடிவம்: மூக்கு, வாய், தொண்டையின் உட்பகுதியை அரிக்கும். மூன்றாவது உள்ளுறுப்பு வடிவம், காலா அசார் என்று அறியப்படுவது: மண்ணீரலையும் கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, தோல் வடிவம் ஆண்டுக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேரைப் புதிதாகத் தாக்குகிறது. ஆப்கானிஸ்தான், சிரியா, ஈராக், ஈரான், பாகிஸ்தான், அல்ஜீரியா, துனிசியா, பிரேசில், கொலம்பியா, பெரு ஆகிய நாடுகளில் சுமை அதிகம். இந்தப் புண் கொல்லாது. ஆனால் முகத்தில் நிரந்தரத் தழும்பை விட்டுவிட்டுப் போகும். அந்தத் தழும்புக்காகப் பள்ளியிலும் திருமணப் பேச்சிலும் ஒதுக்கப்படும் குழந்தைகளும் பெண்களும் ஏராளம். ‘கொல்லாத நோய்தானே’ என்ற எண்ணமே இதற்கு மருந்து தாமதமாவதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

## இப்போது கொடுக்கப்படுவது என்ன

1912இல் பிரேசிலில் காஸ்பர் வியன்னா என்ற மருத்துவர் ஆன்டிமனி உப்பு ஒன்றை ஊசி வழியாகக் கொடுத்து இந்தப் புண்களை ஆற்றினார். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமின் காலா அசாரில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதுவும் ஆன்டிமனிதான். இன்றும் பல நாடுகளில் முதலில் எடுக்கப்படும் மருந்து அதே உலோகத்தின் மேம்பட்ட வடிவங்களே: சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட், மெக்லுமின் ஆன்டிமோனியேட்.

இந்தச் சிகிச்சை நடைமுறையில் எப்படி இருக்கும்? வழக்கமான டோஸ், உடல் எடையில் கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் ஆன்டிமனி, 20 நாட்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தினமும் 1,200 மில்லிகிராம். ஸ்டிபோகுளுக்கோனேட் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆன்டிமனி இருப்பதால், அது 12 மில்லிலிட்டர். தசையில் போடுவதானால் ஒரே இடத்தில் போட முடியாது, பிரித்துப் போட வேண்டும். மறுநாள் அதே அளவு. இப்படி இருபது முறை. மூட்டுவலி, தசைவலி, சோர்வு எல்லாம் சகஜம். கணையமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். இதயத் துடிப்பின் சீர் கெடலாம் என்பதால் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். புண்ணின் ஓரத்திலேயே ஊசி போடும் முறையில் நச்சு குறைவு. ஆனால் வலி கடுமை, முகத்தில் பல புண்கள் இருந்தால் சாத்தியமும் இல்லை.

இந்த நோய் அதிகம் வருவது சுகாதார நிலையத்துக்கு மணிக்கணக்கில் நடந்து போக வேண்டிய இடங்களில். இருபது நாள் ஊசி என்றால் இருபது நாள் கூலி போயிற்று, அல்லது வீட்டைவிட்டு வந்து தங்க வேண்டும். மாத்திரை வேண்டும் என்று மருத்துவர்கள் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

களிம்பு போதாதா என்று கேட்கலாம். சில இடங்களில் போதும். 2013இல் துனிசியாவில் நடந்த ஒரு பெரிய சோதனையில் பரோமோமைசின் கிரீம் பூசியவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமானார்கள். ஆனால் புண் பெரிதாகவோ பலவாகவோ இருந்தாலும், மூக்குக்குள் பரவும் இனமாக இருந்தாலும் மேல்பூச்சு போதாது. மருந்து உள்ளே போயே ஆக வேண்டும்.

## விழுங்கிய மருந்து போக வேண்டிய வழி

மணல் ஈயின் உடலில் லீஷ்மேனியா நீண்டு, வாலோடு நீந்தும் வடிவத்தில் இருக்கும். மனிதத் தோலுக்குள் வந்ததும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் அதை விழுங்குகிறது. கிருமிகளைச் செரித்துக் கொல்வது அந்தச் செல்லின் வேலை. லீஷ்மேனியா சாகாமல், வாலைச் சுருக்கி உருண்டையாகி, அந்தச் செல்லின் அமிலம் நிறைந்த செரிமான அறைக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. திருடன் காவல் நிலையத்தில் தங்கியிருப்பது மாதிரி.

இப்போது மாத்திரையின் பயணத்தைப் பார்க்கலாம்:

1. குடல் உறிஞ்ச வேண்டும். லீஷ்மேனியாவைக் கொல்வதில் ஆம்போடெரிசின் பி மிக வலுவான மருந்து. ஆனால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதனால் அது இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்தாகவே இருக்கிறது.

2. கல்லீரலைத் தாண்ட வேண்டும். குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அங்கேயே மருந்தில் பெரும்பகுதி சிதைந்துவிட்டால் தோலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

3. இரத்தப் புரதங்களிலிருந்து விடுபட வேண்டும். பல மருந்துகள் இரத்தத்தில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். மில்டெஃபோசினில் 96 முதல் 98 சதவீதம் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. திசுவுக்குள் எளிதாக நுழைவது ஒட்டாமல் தனியாக இருக்கும் சிறு பங்கு.

4. தோலுக்குள் சேர வேண்டும். கல்லீரல், மண்ணீரல் போல மருந்து தாராளமாகப் போய்த் தங்கும் உறுப்பு அல்ல தோல். அதனால்தான் காலா அசாரில் ஜெயித்த மருந்து தோல் புண்ணில் தோற்கலாம். வீங்கிச் சிவந்த புண்ணில் இரத்தக் குழாய்கள் கசிவதால் அங்கே சில மருந்துகள் நல்ல தோலைவிடக் கூடுதலாகச் சேர்வது எலிகளில் காணப்பட்டுள்ளது. புண் ஆற ஆற அந்த வாய்ப்பும் குறையும்.

5. செல்லுக்குள்ளும் அதன் அறைக்குள்ளும் நுழைய வேண்டும். மேக்ரோபேஜின் வெளிச்சவ்வு, பிறகு அந்த அறையின் சவ்வு, கடைசியில் ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வு. அதையும் அமிலச் சூழலில் சிதையாமல் கடக்க வேண்டும்.

ஆய்வகத் தட்டில் நீந்திக்கொண்டிருக்கும் லீஷ்மேனியாவைக் கொல்லும் ரசாயனங்கள் ஏராளம். மேக்ரோபேஜுக்குள் இருக்கும் உருண்டை வடிவத்தில் சோதிக்கும்போதே அந்தப் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். ‘இந்தத் தாவரச் சாறு லீஷ்மேனியாவைக் கொல்கிறது’ என்ற வகைச் செய்திகளில் பல முதல் வகைச் சோதனையோடு நின்றுவிடுபவை.

எலிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் பால்ப்-சி என்ற எலி வகை அதிகம் பயன்படுகிறது. லீஷ்மேனியா மேஜர் என்ற இனத்தைச் செலுத்தினால் இந்த எலிகளுக்குப் புண் ஆறாமல் பெருகிக்கொண்டே போகும். அதே இனம் மனிதருக்கு வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறும். அதனால் எலியின் முடிவை அப்படியே மனிதருக்குக் கொண்டுவர முடியாது.

## மில்டெஃபோசின்: கையில் இருக்கும் மாத்திரை

லீஷ்மேனியாசிஸுக்கென்றே பல நாடுகளில் அனுமதி பெற்ற வாய்வழி மருந்து இன்றுவரை ஒன்றுதான்: மில்டெஃபோசின். இது புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து. மார்பகப் புற்றுநோய் தோலில் பரவும்போது மேலே பூசுவதற்குப் பயன்பட்டது. லீஷ்மேனியாவையும் கொல்கிறது என்று தெரிந்த பிறகு பாதை மாறியது. 2002இல் இந்தியாவில் காலா அசாருக்கு அனுமதி கிடைத்தது. 2014 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்று வடிவங்களுக்கும் அனுமதி தந்தது. தோல் வடிவத்தில் பிரேசிலியென்சிஸ், குயனென்சிஸ், பனாமென்சிஸ் ஆகிய மூன்று இனங்களுக்கு மட்டும், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்.

எடுத்துக்கொள்ளும் முறை எளிதுதான். 50 மில்லிகிராம் கேப்சூல், 45 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்களுக்கு நாளுக்கு மூன்று, 30 முதல் 44 கிலோ வரை இரண்டு. சாப்பாட்டோடு, 28 நாட்கள். ஆனால் எளிமை அத்தோடு முடிகிறது.

கருவுக்கு ஆபத்து. விலங்குகளில் இந்த மருந்து கருவைச் சிதைப்பது தெரியவந்துள்ளது. அதனால் கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாது. கருவுறும் வயதிலுள்ள பெண்கள் சிகிச்சையின்போதும், முடிந்து 5 மாதம் வரையும் கருத்தடையைப் பின்பற்ற வேண்டும். ஏன் 5 மாதம்? மருந்து உடலைவிட்டு வெளியேற அவ்வளவு நேரம் எடுக்கிறது. அதன் கடைசிக்கட்ட அரை ஆயுட்காலம், அதாவது உடலில் மிஞ்சியிருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், ஒரு மாதத்தை ஒட்டியது. இன்னொரு சிக்கலும் உண்டு. மில்டெஃபோசினின் முக்கியப் பக்கவிளைவு வாந்தியும் வயிற்றுப்போக்கும். கருத்தடை மாத்திரை விழுங்கும் பெண் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரையும் வெளியே வந்துவிடும். எனவே வேறு முறையும் சேர்த்துப் பின்பற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர் இல்லாத ஊரில் இவ்வளவையும் விளக்கி, கர்ப்பப் பரிசோதனை செய்து, ஐந்து மாதம் கண்காணிப்பது யார்? நோயாளிகளில் பெரும் பகுதியை ஒதுக்கி வைக்கும் மாத்திரையை முழுத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழந்தைகள். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்தால் குழந்தைகளின் இரத்தத்தில் பெரியவர்களைவிட மருந்து குறைவாகவே சேர்கிறது. கொலம்பியாவில் 2 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஆன்டிமனி ஊசிக்கு இது சளைத்ததல்ல என்று ஒரு சோதனை காட்டியது. ஆனாலும் சரியான டோஸ் பற்றிய ஆய்வு தேவைப்படுகிறது.

எதிர்ப்பு உருவாகும் அச்சம். மருந்து நீண்ட காலம் குறைந்த அளவில் உடலில் தங்கினால், தப்பிப் பிழைக்கும் ஒட்டுண்ணிகளுக்கு அது பயிற்சிக் களமாகிவிடும். காலா அசாரில் இதற்கான எச்சரிக்கை கிடைத்துவிட்டது: நேபாளத்தில் மில்டெஃபோசின் எடுத்தவர்களில் 12 மாதத்துக்குள் சுமார் 20 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது.

## ஒரே மருந்து, வேறு இனம், வேறு முடிவு

செய்திகளில் ‘லீஷ்மேனியாசிஸ்’ என்ற ஒரே பெயர்தான் வருகிறது. மருந்தைப் பொறுத்தவரை அது பல நோய்கள். 2004இல் வெளியான மில்டெஃபோசின் சோதனை ஒன்று கொலம்பியாவிலும் குவாத்தமாலாவிலும் நடந்தது. பனாமென்சிஸ் இனம் அதிகமுள்ள கொலம்பியாவில் 91 சதவீதம் பேர் குணமானார்கள். பிரேசிலியென்சிஸ், மெக்சிகானா இனங்கள் உள்ள குவாத்தமாலாவில் 53 சதவீதம் பேர்தான். மருந்து, டோஸ், ஆய்வுக் குழு எல்லாம் ஒன்றே.

இதைவிடக் கூர்மையான உதாரணம், கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை பற்றி 1992இல் வெளிவந்த குவாத்தமாலா ஆய்வு. லீஷ்மேனியாவின் சவ்வில் பூஞ்சையைப் போலவே எர்கோஸ்டெரால் வகைக் கொழுப்பு இருக்கிறது. அதன் உற்பத்தியைத் தடுக்கும் பூஞ்சை மருந்துகள் இங்கேயும் வேலை செய்யலாம் என்பது எண்ணம். முடிவு இப்படி வந்தது:

- மெக்சிகானா இனம்: கீட்டோகோனசோல் எடுத்த 9 பேரில் 8 பேருக்குக் குணம். ஆன்டிமனி ஊசி போட்ட 7 பேரில் 4 பேருக்கு.
- பிரேசிலியென்சிஸ் இனம்: கீட்டோகோனசோல் எடுத்த 23 பேரில் 7 பேருக்குத்தான் குணம். ஆன்டிமனி போட்ட 25 பேரில் 24 பேருக்கு.

அதாவது ஓர் இனத்தில் மாத்திரை முன்னால் நிற்கிறது, இன்னோர் இனத்தில் ஊசி வெகுதூரம் முந்துகிறது. (ஆட்கள் எண்ணிக்கை குறைவு என்பதையும் மனதில் வைக்க வேண்டும். மெக்சிகானா பகுதியில் மொத்தமே 16 பேர்.) இன்னொரு பூஞ்சை மாத்திரையான ஃப்ளூகோனசோல், 2002இல் சவுதி அரேபியாவில் மேஜர் இனப் புண்களில் 79 சதவீதம் குணம் காட்டியது. பின்னாளில் பிரேசிலியென்சிஸில் கூடுதல் டோஸில் கொடுத்தும் ஏமாற்றமே மிஞ்சியது.

நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் லீஷ்மேனியா இருப்பது தெரியும், எந்த இனம் என்று தெரியாது. அதற்கு பிசிஆர் போன்ற மரபணுச் சோதனை வேண்டும். எந்த இனம் என்று தெரியாமலேயே மருந்தைத் தேர்வு செய்யும் நிலைதான் பல இடங்களில். எனவே, எல்லா இனத்துக்கும் பொதுவான மாத்திரை என்பது வசதிக்காகக் கேட்பது அல்ல, அவசியம்.

## தானே ஆறும் புண்ணில் மருந்தை நிரூபிப்பது

மேலே சொன்ன எண்களில் ஒரு பாதியை வேண்டுமென்றே விட்டிருந்தேன். அவற்றை இப்போது சேர்த்துப் படியுங்கள். கொலம்பியாவில் மருந்தே இல்லாத பிளாசிபோ கேப்சூல் எடுத்தவர்களில் 38 சதவீதம் பேர் குணமானார்கள், குவாத்தமாலாவில் 21 சதவீதம். சவுதி அரேபியாவில் 34 சதவீதம். துனிசியாவில் மருந்து கலக்காத வெறும் கிரீம் பூசியவர்களில் 58 சதவீதம்.

காரணம், உடலின் நோயெதிர்ப்பே காலப்போக்கில் புண்ணை ஆற்றுகிறது. எவ்வளவு வேகமாக என்பது இனத்தைப் பொறுத்தது. ஆகவே ஒப்பிட வேறு குழு இல்லாமல், ‘எங்கள் மருந்து கொடுத்த 50 பேரில் 35 பேருக்குக் குணம்’ என்று ஒரு அறிக்கை வந்தால், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 70 சதவீதம் என்பது 20 சதவீதம் தானே ஆறும் இடத்தில் பெரிய வெற்றி. 58 சதவீதம் தானே ஆறும் இடத்தில் சிறிய முன்னேற்றம்.

இதனால் சோதனை நடத்துபவர்கள் சில விதிகளை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்:

1. குணம் என்றால் புண் முழுவதும் புதுத்தோலால் மூட வேண்டும். ‘பாதி சுருங்கியது’ எண்ணிக்கையில் சேராது.

2. முக்கியக் கணக்கு சிகிச்சை தொடங்கி 90ஆம் நாளில் எடுக்கப்படும். அதற்கு முன்பே பார்த்தால், தாமதமாக ஆறுபவர்களைத் தோல்வி என்று எழுதிவிடுவோம். மிகவும் பின்னால் பார்த்தால் தானே ஆறியவர்கள் கலந்துவிடுவார்கள்.

3. பிறகு 6 முதல் 12 மாதம் வரை நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒட்டுண்ணிகளில் சில பெருகாமல் உறங்கும் நிலைக்குப் போய் மருந்திலிருந்து தப்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆறிய தழும்பின் ஓரத்திலேயே புதுக் கட்டி முளைப்பது உண்டு.

வேலைக்காக இடம் மாறும் தொழிலாளர்கள், போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள். இவர்களை ஒரு வருடம் தொடர்ந்து தேடிக் கண்டுபிடித்துப் புண்ணை அளப்பது எளிய காரியமல்ல. பல சோதனைகள் முடிவு சொல்ல முடியாமல் போனது இங்கேதான்.

## ஒட்டுண்ணி செத்தும் புண் ஆறாதது

தோல் புண்ணில் சேதம் செய்வது ஒட்டுண்ணி மட்டுமல்ல. பிரேசிலியென்சிஸ் போன்ற இனங்களில் புண்ணுக்குள் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவாகவே இருக்கும், ஆனால் அழற்சி கடுமையாக இருக்கும். நோயெதிர்ப்புச் செல்களே சுற்றியுள்ள திசுவை அழிக்கின்றன. ஆக, ஒட்டுண்ணியைத் துல்லியமாகக் கொல்லும் மருந்துகூட அடங்காத அழற்சியால் ‘தோல்வி’ என்று பதிவாகலாம்.

அதனால்தான் அழற்சியைக் குறைக்கும் பென்டாக்ஸிஃபிலின் மாத்திரையை ஆன்டிமனியோடு சேர்த்துக் கொடுக்கும் முயற்சிகள் நடந்தன. நோயெதிர்ப்பைச் சரியான பக்கம் திருப்பும் மருந்தைத் தனியாக உருவாக்கவும் முயல்கிறார்கள். இந்தத் திசைக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை. கிருமியைக் கொல்வது மட்டுமே இலக்கு என்று பார்த்தால் பாதி நோயைத்தான் பார்க்கிறோம்.

## வரிசையில் நிற்கும் புதிய மருந்துகள்

2003இல் தொடங்கப்பட்ட டிஎன்டிஐ என்ற லாப நோக்கமற்ற அமைப்பும், சில பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கடந்த இருபது ஆண்டுகளில் புதிய வாய்வழி மருந்துகளின் ஒரு வரிசையை உருவாக்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ஆய்வகம் 30 லட்சம் ரசாயனங்களை லீஷ்மேனியாவுக்கும் அதன் உறவுக்கார ஒட்டுண்ணிகள் இரண்டுக்கும் எதிராகச் சோதித்தது. அதிலிருந்து எடுத்த ஒரு மூலக்கூற்றை மாற்றி மாற்றி வடிவமைத்து உருவானது ஜிஎன்எஃப்6702. 2016இல் வெளியான ஆய்வின்படி, இது ஒட்டுண்ணியின் புரோட்டியசோமைத் தடுக்கிறது. புரோட்டியசோம் என்பது செல்லில் தேவையற்ற புரதங்களை நறுக்கி அகற்றும் அமைப்பு. நம் செல்லிலும் அது உண்டு. ஆனால் ஒட்டுண்ணியின் புரோட்டியசோமில் மட்டும் இந்த மருந்து பொருந்தும் இடம் இருக்கிறது. அந்த வழியில் வந்த எல்எக்ஸ்இ408 மனிதர்களிடம் சோதனைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் கட்டச் சோதனைகள் காலா அசார் நோயாளிகளிடம் தொடங்கின.

வேறு வழிகளும் உள்ளன. டண்டி பல்கலைக்கழகமும் ஜிஎஸ்கே மருந்து நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட மூலக்கூறு, ஒட்டுண்ணி பிரிந்து பெருகத் தேவையான சிஆர்கே12 என்ற நொதியைத் தடுக்கிறது. டிஎன்டிஐ-6174 ஒட்டுண்ணியின் ஆற்றல் உற்பத்தியைக் குறிவைக்கிறது. பல இலக்குகள் இருப்பது நல்லது, ஏனென்றால் பிற்காலத்தில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்து எதிர்ப்பைத் தள்ளிப்போட முடியும்.

எச்சரிக்கைக்கு ஒரு முன்னுதாரணம் ஃபெக்ஸினிடசோல். லீஷ்மேனியாவின் நெருங்கிய உறவான ஒட்டுண்ணி தரும் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு இது முழுச் சிகிச்சையையும் மாத்திரையாலேயே சாத்தியமாக்கியது. 2018இல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஒப்புதலும் கிடைத்தது. ஆர்செனிக் கலந்த ஊசியிலிருந்து நோயாளிகளை விடுவித்த பயணத்தில் அது மிகப்பெரிய படி. அதே மருந்து சூடானில் காலா அசார் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது, முதலில் உடல்நிலை தேறியவர்களுக்கு நோய் திரும்பியதால் சோதனை நிறுத்தப்பட்டது. தூக்க நோயின் ஒட்டுண்ணி இரத்தத்திலும் மூளையைச் சுற்றிய திரவத்திலும் வெளிப்படையாக நீந்துகிறது. லீஷ்மேனியா செல்லின் அறைக்குள் பதுங்கியிருக்கிறது.

## வெப்பமும் மாத்திரையும்

புதிய மருந்துக்குக் காத்திருக்கும் காலத்தில், இருக்கும் மருந்தைக் குறைவாகப் பயன்படுத்தி நல்ல பலன் எடுக்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. லீஷ்மேனியாவுக்கு வெப்பம் ஆகாது. புண்ணை மரத்துப்போகச் செய்து, கையடக்கக் கருவியால் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 30 விநாடி செலுத்தும் முறை ஏற்கெனவே இருந்தது. கொலம்பியாவிலும் பெருவிலும் நடந்த சோதனையில் ஒரே ஒருமுறை வெப்பம் கொடுத்து, அதோடு 21 நாள் மில்டெஃபோசின் சேர்த்தார்கள். வெப்பம் மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் குணம், இரண்டும் பெற்றவர்களில் சுமார் 80 சதவீதம். ஊசியே இல்லை. அதன் தொடர்ச்சியாக மூன்றாம் கட்டச் சோதனை பிரேசில், பெரு, பொலிவியா, பனாமா நாடுகளில் நடத்தப்பட்டது. கர்ப்பிணிகள் பிரச்சினை இதில் தீரவில்லை, ஆனால் அவர்களுக்கு வெப்பத்தை மட்டுமாவது தர முடியும்.

## செலவை யார் ஏற்பது

வாங்கும் சக்தி இல்லாதவர்களுக்கு வரும் நோய் என்பதால் சந்தை தானாக மருந்து உருவாக்காது. இதைச் சரிசெய்ய அமெரிக்கா 2007இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்க்கு மருந்து அனுமதி பெறும் நிறுவனத்துக்கு ஒரு முன்னுரிமைச் சீட்டு கிடைக்கும். அதை வைத்து வேறொரு மருந்தின் பரிசீலனையை விரைவுபடுத்தலாம், அல்லது சீட்டையே விற்கலாம்.

மில்டெஃபோசினுக்கு 2014இல் அனுமதி பெற்ற நைட் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம், தனக்குக் கிடைத்த சீட்டை அதே ஆண்டு 12.5 கோடி டாலருக்கு கிலியட் நிறுவனத்துக்கு விற்றது. அந்த மருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு நாடுகளில் புழக்கத்தில் இருந்தது. அதன் ஆய்வுச் செலவில் பெரும் பங்கைப் பொதுப்பணம் சுமந்திருந்தது. சீட்டு விற்ற பிறகு, நோய் உள்ள நாடுகளுக்கு மருந்து மலிவாகவும் தடையில்லாமலும் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை. டிஎன்டிஐயும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் இதைக் கண்டித்தன. அவர்கள் சொன்னது நியாயம். பரிசு தருவதென்றால், மருந்து நோயாளிக்குப் போய்ச் சேர்வதை நிபந்தனையாக்கித்தான் தர வேண்டும்.

இன்னொரு விஷயம், சோதனைகளின் வரிசை. புதிய மருந்துகளில் பல முதலில் காலா அசாருக்காகச் சோதிக்கப்படுகின்றன. உயிரைக் கொல்லும் நோய் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் காலா அசாரைத் தருவது டொனோவானி, இன்ஃபான்டம் என்ற இரண்டு இனங்கள்தான், அதுவும் மண்ணீரலிலும் மஜ்ஜையிலும். அங்கே ஜெயிக்கும் மாத்திரை மேஜர், டிராபிகா, பனாமென்சிஸ், பிரேசிலியென்சிஸ் என்று ஒவ்வோர் இனத்தின் தோல் புண்ணிலும், 90ஆம் நாள் கணக்கோடும் ஒப்பீட்டுக் குழுவோடும், மறுபடி முதலிலிருந்து சோதிக்கப்பட்டாக வேண்டும். அந்தச் சோதனைகளுக்கான பணத்தை இப்போதே ஒதுக்கினால், காலா அசார் முடிவு வந்த கையோடு தோல் நோயாளிகளிடம் வேலையைத் தொடங்கலாம். ஒதுக்காவிட்டால், நல்ல மருந்து ஒன்று கையில் இருந்தும் தோல் புண்ணோடு இருப்பவர்களுக்கு அதே 20 நாள் ஊசிதான் தொடரும்.